மைக்கில் சொன்ன பாராட்டு

ஒரகடம்,
டிசம்பர் மாதம், ஞாயிறு மதியம்.

என் அன்பு மகள் ஜாஸ்மினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தரின் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு, வேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ரகுவும் அந்த ஜப்பான் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்திலும் இரவு ஜெபத்திலும் உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாலாஜாபாத் ரோட்டில் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கிறது, கன்டெய்னர் லாரி ஒன்று போனால் நம் வாசல் கேட் வரைக்கும் சேறு தெறிக்கிறது. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் டாக்டர் நடக்கச் சொன்ன நடையை மழையைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார், டீக்கடைக்கு மட்டும் எப்படியோ மழை படாமல் போய் வந்துவிடுகிறார்.

போன வாரம் வீடியோ காலில், ஏம்மா உன் குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய். சளி என்றேன். சளி இல்லை கண்ணு. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. பாதி சொல்லும்போதே நீ கண் கலங்கினால் மீதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் தட்டலாம் என்றால், அந்த வாட்ஸ்அப்பால்தான் பாதி வினையே. அதனால்தான் பொடி அனுப்புகிற பார்சலிலேயே இதை வைக்கிறேன். இட்லிப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் மேலே இருக்கும், கடிதம் அடியில் துணிக்குள் இருக்கும். முதலில் சாப்பிடு, அப்புறம் படி. இதில் உன் பெயரும் கொஞ்சம் வருகிறது, ஆனால் உன் மேல் பழி போட எழுதவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் பள்ளியில் குழந்தைகள் தினத்தை ஒட்டி நடந்த கண்காட்சியைப் பற்றி விவரமாகச் சொல் என்று கேட்டிருந்தாய். உண்மையிலேயே நன்றாக இருந்தது. நீ படித்த காலத்தில் எரிமலை ஒன்று, தெர்மோகோல் வீடு ஒன்று என்று கடையில் வாங்கி வைத்துவிட்டுப் போவோமே, அது மாதிரி இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு போர் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்து, சோப்பு போட்டுக் குலுக்கி, எந்தத் தெருத் தண்ணீர் நுரைக்கிறது, எது நுரைக்கவில்லை என்று வரிசையாக வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு, கூட்டு ரோட்டில் நின்று வண்டிகளை எண்ணி, தீப்பெட்டிகளை அடுக்கியே வரைபடம் செய்திருந்தது. கன்டெய்னர் லாரிக்கான அடுக்கு, செய்த பையனை விட உயரம். ஒன்பதாம் வகுப்பு, ஒரு கம்பையும் அதன் நிழலையும் வைத்துக்கொண்டு, கம்பெனிக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை வெளியே விழுகிற நிழலிலிருந்தே கண்டுபிடித்திருந்தது. செக்யூரிட்டி வந்து, இன்னாடா உளவு பாக்குறீங்களா என்று விரட்டினாராம். இல்ல சார், உங்க உயரத்தையும் அளந்துட்டோம், கொஞ்சம் கம்மிதான் என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பின்னால் இருந்தவள் ஒருத்திதான், இசக்கிசெல்வி.

அவளை உனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு அரசாங்கத்திலிருந்து ஆள் வரவே இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் பொறுப்பில் அறிவியலுக்கு எடுத்த தற்காலிக ஆசிரியை அவள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், புருஷன் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறான். பிள்ளைகள் அவள் பேச்சை அவள் முன்னாலேயே பேசிக் காட்டுவார்கள். அவளும் விடமாட்டாள், ஏ, நீங்க மட்டும் இன்னா, கீதுன்னு பேசலாம், நாங்க பேசுனா சிரிப்பாணி வருதோ என்பாள். நான் மாதத்தில் நாலைந்து சாயங்காலம் பள்ளிப் பக்கம் போய் அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். முப்பது வருஷம் நின்று பேசிய லேபில் உட்கார்ந்து கேட்பது ஒரு சுகம்.

சாயங்காலம் என்று சொன்னேன் அல்லவா, அதைத்தான் விளக்க வேண்டும். இப்போது நம் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மா, அப்பா இரண்டு பேரும் கம்பெனி வேலை. பள்ளி நாலேகாலுக்கு விடும், கம்பெனி பஸ்கள் அவர்களைக் கொண்டுவந்து இறக்க ஆறரை, ஏழு ஆகும். அதுவரை இந்தப் பிள்ளைகள் எங்கே போகும்? வீடு என்பது வரிசையாகக் கட்டின ஒற்றை அறை. பக்கத்து அறையில் எந்த ஊர்க்காரர் இந்த மாதம் வந்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒரு மழை நாளில் இரண்டு பெண் பிள்ளைகள் கேட் ஓரம் நனைந்தபடி உட்கார்ந்திருந்ததை இசக்கி பார்த்திருக்கிறாள். அன்றைக்கு லேபைத் திறந்து உட்கார வைத்தவள்தான், அப்புறம் தினமும் திறந்தாள். கேட்டவர்கள் யாரும் இல்லை. வந்த பிள்ளைகள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள்.

அங்கே அவள் பாடம் நடத்துகிற விதமே வேறு. யாரை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, நீல பஸ் முதலில் வந்தால் நாலு பேர் எழுந்து போவார்கள், வெள்ளை பஸ் வந்தால் ஏழு பேர். அதனால் நீளமான பாடமே கிடையாது. பத்து நிமிஷத்தில் முடிகிற சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்திருப்பாள். நடுவில் எழுந்து போகிற பிள்ளையும் ஏதோ ஒன்றை முழுசாகக் கொண்டு போக வேண்டும் என்பது அவள் கணக்கு. ஜன்னல் ஓரம் ஒரு பிள்ளை நின்று, வெள்ளை பஸ் என்று குரல் கொடுக்கும். பஸ்ஸுக்கு உரியவர்கள் எழுந்து, வாசலில் அவள் கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டில் காத்து நிற்கிற அம்மாக்களுக்கும் அந்தப் பதில் கேட்கும். யூனிபார்ம் கோட்டோடு நிற்கிற ஒரு அம்மா, இரும்பு ஏன் துருப்பிடிக்குதுன்னு எங்க லைன் சூப்பர்வைசருக்கே தெரியாது டீச்சர், இவன் சொல்றான் பாருங்க என்று சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அங்கே வழக்கம். நேரத்துக்குப் பள்ளியைப் பூட்ட வேண்டும், அதன் பிறகு மாணவர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எச்.எம். நம்பிராஜன் சார் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டில் நின்று, தளவாய், எல்லாம் பூட்டியாச்சா என்று கேட்பார். வாட்ச்மேன் தளவாய், பூட்டியாச்சு சார் என்பார். இரண்டு பேர் முதுகுக்குப் பின்னாலும் லேபில் டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும், முப்பது பிள்ளைகள் ஒன்றாகத் தனிம வரிசையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சார் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, அது ஏன் அப்படி என்று யோசிக்கவில்லை.

கண்காட்சி அன்றைக்கே ஆசிரியர்களைப் பாராட்டுகிற விழாவும் வைத்திருந்தார்கள். முன்னாள் மாணவர் சங்கம்தான் ஏற்பாடு, உனக்கும் தெரியும். மேடை, ஷாமியானா, ஆளுக்கொரு பொன்னாடை. கம்பெனிகளில் மாதம் ஒருவரைச் சிறந்த ஊழியர் என்று போட்டோ மாட்டுவார்களே, அது மாதிரி ஆசிரியர் எல்லோருடைய படத்தையும் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். மேடைக்குப் போகும்போது நம்பிராஜன் சார் என் பக்கத்தில் குனிந்து, டீச்சர், பொதுவாப் பேசிடுங்க என்றார். நேரம் இல்லை, சுருக்கமாகப் பேசச் சொல்கிறார் என்று நினைத்தேன். உன் அம்மாவுக்குப் பொதுவாகப் பேச எப்போது வந்திருக்கிறது? ஆசிரியப் பணி தியாகப் பணி என்று எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? ஒரு உதாரணம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன் ஜாஸ்மின். மழையில் நனைந்த இரண்டு பிள்ளைகள், லேபைத் திறந்தது, பஸ் வரும்வரை பாடம், வாசலில் கேட்கிற கேள்வி, ராத்திரி ஏழு மணிக்கும் எரிகிற விளக்கு. தளவாய் பூட்டாமலே பூட்டியாச்சு என்று சொல்வதைக்கூட நடித்துக் காட்டினேன். பந்தலே சிரித்தது, பிள்ளைகள் விசில் அடித்தார்கள், முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். இசக்கி தூண் ஓரமாக நின்று தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, பாருங்கள், புகழ்ந்தால்கூட வேண்டாம் என்கிறாள் என்று அதையும் மைக்கில் சொன்னேன். அப்பா முழுப் பேச்சையும் போனில் பிடித்து உனக்கு அனுப்பினார். நீ பெருமை தாங்காமல் பழைய மாணவர் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும், எங்க அம்மா, எங்க ஸ்கூல், இப்படியும் ஒரு டீச்சர் என்று எழுதிப் போட்டாய். நான் பெற்ற பிள்ளை என்னைக் கொண்டாடுகிறது என்று நானும் அதை நாலு தடவை திறந்து திறந்து பார்த்தேன்.

வகுப்பில் லென்ஸ் பாடம் எடுக்கும்போது உங்களுக்கெல்லாம் செய்து காட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு காகிதத்தை வெயிலில் நாள் முழுக்க வைத்தாலும் ஒன்றும் ஆகாது. நடுவில் ஒரு லென்ஸைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் புகை வரும். வெயில் என்னவோ அதே வெயில்தான். அந்த வகுப்பின் மேல் லென்ஸைப் பிடித்தவள் நான், கண்ணு.

அடுத்த வாரமே கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்துவிட்டார். யார் அனுமதி கொடுத்தது, பெண் பிள்ளைகள் ஏழு மணி வரை இருக்கிறார்களே, பொறுப்பு யார், நிரந்தர ஆசிரியர் யாராவது கூட இருக்கிறாரா, ஒரு பாம்பு வந்தால், ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். நம்பிராஜன் சாருக்கு மெமோ வந்தது. தளவாய்க்குத் திட்டு விழுந்தது. இசக்கிக்கு மெமோகூட இல்லை, தற்காலிகம்தானே, சொல்லி அனுப்புகிறவரை வர வேண்டாம் என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது மணி அடித்து அரை மணிக்குள் கேட்டில் பெரிய பூட்டுத் தொங்குகிறது. பத்தாம் வகுப்புக்கு அறிவியலில் பாதிப் பாடம் அப்படியே நிற்கிறது. அந்தப் பீரியடில் தமிழ் ஆசிரியர் போய்ச் சத்தம் போடாமல் உட்கார வைத்துவிட்டு வருகிறார், பாவம், அவரால் முடிந்தது அதுதான். அரைப் பரீட்சை வந்துவிட்டது, பொதுத்தேர்வுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று நீயே எண்ணிக்கொள்.

நானும் நம்பிராஜன் சாரும் அலுவலகத்துக்குப் போனோம். அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொன்னால் எனக்குப் பாவம் சேரும். எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். மேடம், அந்த வீடியோவை நானே ரெண்டு தடவை பார்த்தேன், வீட்ல போட்டுக் காட்டினேன், என் மனைவி அழுதுட்டாங்க, ஆனா பார்த்துட்டேனே மேடம் என்றார். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியாது, நாளைக்கு ஒரு பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சும் ஏன் விட்டேன்னு என்னைத்தான் கேப்பாங்க என்றார். முறைப்படி அனுமதி வாங்கலாமா என்று கேட்டேன். வாங்கலாம், நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், அது மேலே போய் வர வேண்டும் என்றார். எங்கள் ஆசிரியைகளுக்கும் பஸ் இருக்கிறது, வீட்டில் பிள்ளை இருக்கிறது. யாரிடம் போய், தினமும் ஏழு மணி வரை இரு என்று கேட்பது? வெளியே வந்ததும் நம்பிராஜன் சார் என்னைத் திட்டவில்லை. பொதுவாப் பேசிடுங்கன்னு சொன்னேனே டீச்சர் என்று மட்டும் சொன்னார். கேட்டில் தளவாயைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, என் பேரை இதுவரைக்கும் யாரும் மைக்ல சொன்னதில்ல டீச்சர், அந்த வரைக்கும் சந்தோஷம் என்றார்.

பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்கிறாயா? சிலர் டீக்கடை பெஞ்சில், சிலர் பஸ் ஸ்டாப்பில், ஆண் பிள்ளைகள் சிலர் கம்பெனிச் சுவர் ஓரமாக யாரோ பெரிய பையன்களோடு. பத்தாம் வகுப்பில் சுகப்பிரியா என்று ஒரு பெண், ஜன்னலில் நின்று பஸ்ஸுக்குக் குரல் கொடுக்கிறவள் அவள்தான். அவள் அம்மா கோவிந்தம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். போன வாரம் நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீச்சர், நீங்க நல்லதுதான் சொன்னீங்க, நான் இல்லன்னு சொல்லல, ஆனா அத்த இன்னாத்துக்கு மைக்ல சொன்னீங்க என்று கேட்டாள். பொண்ணு ரூமுக்குள்ள தாப்பா போட்டுகினு, லைட்டு போட்டா ஆள் இருக்குதுன்னு தெரியும்னு இருட்டுல குந்திகினு கீது டீச்சர், பக்கத்து ரூம்காரன் எவனோ கதவைத் தட்டிட்டுத் தட்டிட்டுப் போறானாம், நான் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் தொறக்குது, அடுத்த வாரம் வேலைய விட்டு நின்னுடலாம்னு கீறேன் என்றாள். மறுநாள் நீ போனில், வீடியோவுக்கு இன்னும் லைக் வந்துகொண்டே இருக்கிறது அம்மா என்று சொன்னாய். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சளி பிடித்தது.

இசக்கி வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று மனதைத் தயார்செய்துகொண்டு போனால், வாங்க டீச்சர் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அரைப் பரீட்சை லீவோடு ஊருக்குப் போய்விடலாம் என்று புருஷன் சொல்கிறானாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், நான் தூணுப் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனேனே, பாக்கலியா என்றாள். பார்த்தேன், வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன் என்றேன். வெக்கமா, சொல்லாதீயன்னுல்லா ஆட்டுனேன் டீச்சர், நீங்க ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, ஏ இதயும் சொல்லிட்டாவளே, ஐயோ தளவாய் அண்ணனையும் சொல்லிட்டாவளேன்னு நிக்கேன், நீங்க நடிச்சு வேற காட்டுதீய என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குச் சால்வை வேண்டாம்னு மொதல்லயே சொன்னேம்லா என்று பெட்டியின் மேல் கிடந்த பொன்னாடையைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். சுகப்பிரியா இருட்டில் உட்கார்ந்திருப்பதை அவளிடம் சொன்னேன். அவள் துணி அடுக்குவதை நிறுத்தினாள்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். நம் மாடி, அதாவது நீ சம்பாதித்து அனுப்பிக் கட்டின மாடி, கம்பெனிப் பையன்கள் காலி பண்ணியதிலிருந்து சும்மா இருக்கிறது. ஒரு கான்ட்ராக்டர் வந்து, தன் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு உடனே வேண்டும் என்று கேட்டார். அப்பா பாதி சம்மதித்தும் விட்டார். நான்தான் தடுத்தேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்ட வெச்சதும் நீ, இப்ப வூட்டைத் திறக்கிறதும் நீயா என்று கேட்டார் உன் அப்பா. நியாயமான கேள்விதான். மாடியைக் கூட்டிப் பாய் விரித்தேன். உன் வீடு, உன்னைக் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ சரி என்பாய், சந்தோஷத்தில் நாலு பேரிடமும் சொல்வாய். அதனால் கேட்கவில்லை. கோபம் வந்தால் என் மேல் காட்டு, ஏற்றுக்கொள்கிறேன்.

முதல் நாள் சுகப்பிரியாவோடு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவும் முந்தின ராத்திரியே நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் மாடி ஏற்றினேன். இது டியூஷன் இல்லை, பள்ளியும் இல்லை. தெரிந்தவர் வீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்த அதிகாரி கேட்ட கேள்வி எல்லாம் இப்போது என் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது கண்ணு. மாடிப்படியில் ஒரு பிள்ளை சறுக்கினால், ஒரு பிள்ளை வழியிலேயே வேறெங்காவது போய்விட்டால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. கடைசிப் பிள்ளை போகிறவரை நான் படியின் அடியில்தான் நிற்கிறேன். அப்பா மூன்றாவது நாள் தானாகவே ஒரு குண்டு பல்பு வாங்கி வந்து படிக்கட்டில் மாட்டினார். இப்போது குடையோடு கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு எந்த பஸ் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறார். சாயங்கால டீக்கடை மட்டும் நின்றுவிட்டது. சர்க்கரைக்கும் நல்லதுதான்.

நான் பாடம் நடத்திப் பார்த்தேன். பத்து நிமிஷத் துண்டு எனக்கு வரவில்லை. ஒரு உதாரணத்தில் ஆரம்பித்து இன்னொரு உதாரணத்துக்குப் போவதற்குள் நீல பஸ் வந்துவிடுகிறது, பிள்ளைகள் பாதி விஷயத்தோடு எழுந்து போகிறார்கள். சுகப்பிரியா மரியாதையாகத்தான் சொன்னாள், மிஸ் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா முடிய மாட்டேங்குது என்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கி வந்து நிற்கிறாள். ஊருக்குப் போகிற பெட்டி கட்டினபடியே இருக்கிறதாம், புருஷனிடம் பொதுத்தேர்வு வரைக்கும் என்று தவணை வாங்கியிருக்கிறாளாம். உள்ளே வந்தவள் முதலில் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள், பையிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்தாள், இரண்டு ஆணியில் திரையாக மாட்டினாள். வெளிச்சம் ரோட்டுக்குத் தெரியக் கூடாது, அதற்காக. சுகப்பிரியா அதன் ஓரத்தைக் கொஞ்சமாக விலக்கிக்கொண்டு நின்று, வெள்ளை பஸ் என்று மெல்லிய குரலில் சொல்கிறாள். முன்பெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவாள். இப்போது கிசுகிசுக்கிறாள்.

பிள்ளைகள் போன பிறகு இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் வாரேன் டீச்சர், ஆனா ஒண்ணு, யாருகிட்டயும் இத நல்லதாச் சொல்லிராதீய என்றாள். பள்ளியில் அவளைத் திரும்ப எடுப்பதைப் பற்றி லீவு முடிந்து பேசலாம் என்று நம்பிராஜன் சார் சொல்லியிருக்கிறார். நடுவில், இவள் ஒரு வீட்டில் வகுப்பு நடத்துகிறாள் என்று யாராவது, புகழ்ந்துதான் சொன்னாலும், போய்ச் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். சரி என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பைபிளில் சத்தியம் பண்ணாதே என்றுதான் இருக்கிறது, தெரியும். ஆனாலும் செய்தேன். என் வாய்க்கு அப்படி ஒரு கட்டு வேண்டியிருந்தது. உனக்கு எழுதுவது அந்தச் சத்தியத்தில் சேருமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீடு உன்னுடையது, வீடியோவும் உன்னிடம்தான் இருக்கிறது, நீ தெரிந்துகொள்ளாமல் எப்படி? அதனால் அவளிடமே கேட்டேன். அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க, ஆனா காயிதத்துல சொல்லுங்க, காயிதத்த ஃபார்வர்ட் பண்ண முடியாதுல்லா என்றாள்.

நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை ஜாஸ்மின். அம்மாவைப் பெருமையாகச் சொல்கிற பிள்ளையை எந்த ஊரில் தப்பு சொல்வார்கள்? ஆனால் அந்த வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு. ஏன் எடுத்தாய் என்று கேட்டால் போன் ரிப்பேர் என்று சொல், எதையாவது சொல். இசக்கிக்கு நல்ல வார்த்தை எழுத வேண்டும், பரிசு அனுப்ப வேண்டும், குழுவில் பணம் திரட்ட வேண்டும் என்றெல்லாம் உனக்குத் தோன்றும், நான் பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா? எதுவும் செய்யாதே. பாராட்ட வேண்டும் என்று இருந்தால் ஜெபத்தில் சொல், அங்கிருந்து யாரும் எடுத்துப் போட மாட்டார்கள். பாலை உறை ஊற்றிவிட்டு, உறைந்ததா உறைந்ததா என்று ஆட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார், மறுபடியும் உதாரணம்.

ரகுவுக்கு எங்கள் அன்பைச் சொல். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, ராத்திரி வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. உங்கள் இரண்டு பேர் தலையிலும் அம்மா கை வைத்து முத்தமிட்டதாக நினைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த வாரம் சாயங்காலம் நீ வீடியோ காலில் வரும்போது என் பின்னால் மாடிப்படியில் வரிசையாகச் செருப்புகள் தெரிந்தால் கேட்காதே. மேலே சத்தம் கேட்டால், டிவி என்று சொல்வேன். மாடி இன்னும் காலியாத்தான் இருக்காம்மா என்று நீ கேள். காலிதான் என்று நான் சொல்கிறேன்.

உன் அம்மா,
மெர்சி